மக்காக்காவும் 9,329 வாக்குகளும்

சமூக ஊடகப் பயிற்சி என்று எங்கே இளைஞர்களைக் கூட்டினாலும் ஓர் அமெரிக்கக் கதை வந்துவிடுகிறது. 2006இல் வர்ஜீனியா மாநிலத்தின் செனட்டர் ஒருவர், தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி மாணவரைக் கூட்டத்தின் நடுவே குரங்கின் பெயரால் அழைத்தார். காணொளி வெளியானது. கருத்துக்கணிப்புகள் சரிந்தன. செனட்டர் தோற்றார். அவரோடு சேர்ந்து செனட்டின் பெரும்பான்மையே கைமாறியது. பாருங்கள் தோழர்களே, ஒரு கேமராவுக்கு எவ்வளவு வலிமை என்று பயிற்சியாளர் முடிப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இந்தக் கதையில் பொய் இல்லை. பாதியில் நிறுத்தப்பட்ட கதை, அவ்வளவுதான். ஆனால் நிறுத்திய இடம் தற்செயலானது அல்ல என்பது என் வாதம். மீதியைச் சொன்னால், ஆதிக்கத்தின் வாயை மட்டும் கண்காணித்துக்கொண்டிருக்கும் நம் அரசியலின் மீதே கேள்வி விழும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2006 ஆகஸ்ட் 11. கென்டக்கி எல்லையை ஒட்டிய பிரேக்ஸ் என்ற மலைப்பகுதி. குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் ஆலன் தேர்தல் கூட்டத்தில் பேசுகிறார். முன்னாள் ஆளுநர். 2008இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பார் என்று பேசப்பட்டவர். ஏறக்குறைய 100 பேர் கூட்டம். அவர்களிடையே மஞ்சள் சட்டையும் கையில் கேமராவுமாக 20 வயது எஸ்.ஆர். சித்தார்த் நிற்கிறார். எதிர்த்தரப்பு வேட்பாளர் ஜிம் வெப்பின் தொண்டர். ஆலன் போகும் ஊருக்கெல்லாம் பின்தொடர்ந்து போய் அவர் பேசுவதைப் படம்பிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அமெரிக்கத் தேர்தல்களில் இது வழக்கமான வேலைதான், ஒளிவுமறைவு கிடையாது. அந்தக் கூட்டத்தில் வெள்ளையர் அல்லாத முகம் தன்னுடையது மட்டுமே என்று அவர் பின்னர் சொன்னார்.

ஆலன் அவரைக் கைகாட்டி, இதோ மஞ்சள் சட்டை போட்டவர், மக்காக்காவோ என்னவோ அவர் பெயர் என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே சொல்லைச் சொல்லி, மக்காக்காவை வரவேற்போம், அமெரிக்காவுக்கும் வர்ஜீனியாவின் நிஜ உலகத்துக்கும் வருக என்றார். சித்தார்த் பிறந்து வளர்ந்ததே வர்ஜீனியாவில். மக்காக்கா என்பது ஒரு குரங்கினத்தின் அறிவியல் பெயர். ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு மொழி பேசிய காலனிகளில் வெள்ளையர்கள் மண்ணின் மக்களை இழித்துச் சொல்லப் பயன்படுத்திய சொல்லும் அதுதான். ஆலனின் தாய் பிரெஞ்சு பேசும் துனீசியாவில் பிறந்தவர். ஆனால் ஆலன், அந்தச் சொல்லுக்குப் பொருளே தெரியாது, தானாகப் புனைந்தேன் என்றார். அவருடைய குழுவோ சித்தார்த்தின் தலைமுடி வெட்டைக் கிண்டல் செய்த சொல் என்றது. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று விளக்கம் வந்தால் அதில் எது பொய் என்று தேட வேண்டியதில்லை.

காணொளியை வெப்பின் தரப்பு ஆகஸ்ட் 14இல் வெளியே கொண்டுவந்தது. யூடியூப் தொடங்கி அப்போது ஒன்றரை ஆண்டுதான். நாடு முழுக்கப் பார்த்தது. ஆகஸ்ட் 23இல் ஆலன் சித்தார்த்துக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் நடந்த ஒரு விவாத மேடையில், அவருடைய தாயின் குடும்பம் யூதக் குடும்பமா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். ஆலன் ஏதோ அவதூறு கேட்டதுபோலச் சீறினார். பிறகு யூத வேர் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டவர், அம்மா பன்றி இறைச்சி நன்றாகச் சமைப்பார் என்று சேர்த்துக்கொண்டார். தன் சொந்த வேரைக்கூட ஒரு குற்றச்சாட்டாகக் கேட்கும் காதுகள். சாதிப் பெயரை மாற்றிக்கொண்டு நகரத்தில் வாழும் அச்சத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் சிரிப்பு வராது. ஆனால் ஆலனின் கதையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவர் மறைத்தது பிழைப்பதற்காக அல்ல, ஆள்வதற்காக.

இதையெல்லாம் அமெரிக்கப் பத்திரிகைகள் வாய்தவறல் என்று எழுதின. எனக்கு முதல் சண்டை இந்தச் சொல்லோடுதான்.

வாய் தவறுவது என்றால் என்ன? ஒன்றைச் சொல்ல நினைத்து இன்னொன்றைச் சொல்லிவிடுவது. ஆலன் எதைச் சொல்ல நினைத்தார்? இந்த மாணவன் இங்கே அயலான் என்று சொல்ல நினைத்தார், சொன்னார். வருக என்று வரவேற்றால்தான் நீ வெளியிலிருந்து வந்தவன் என்பது கூட்டத்துக்கு உறைக்கும். அதற்குக் கூட்டம் கைதட்டியது. காணொளியில் கேட்கலாம். வாய்தவறல் என்ற சொல் ஆலனை மட்டும் காப்பாற்றவில்லை, அந்தக் கைதட்டலையும் துடைத்துப்போட்டது. 3 மாதம் நாடே அந்த ஒரு வாயைப் பேசியது. அதைக் கேட்டு மகிழ்ந்த காதுகளைப் பற்றி யார் பேசினார்கள்? இழிசொல் ஒருவர் தனியாகச் செய்கிற செயல் அல்ல. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்த இடத்தில்தான் அது பேசப்படும். அவர் கல்லூரி வளாகத்தில் அதைச் சொல்லவில்லை, மலையடிவாரக் கூட்டத்தில்தான் சொன்னார்.

இன்னொன்று. வாய்தவறல் என்றால் அதற்கு முன்பு வாய் சரியாக இருந்தது என்று பொருள். இருந்ததா? 1980களில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது மார்ட்டின் லூதர் கிங் பெயரில் விடுமுறை நாள் அறிவிப்பதற்கு எதிராக வாக்களித்தவர் ஆலன். அவருடைய வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு செடியில் தூக்குக்கயிறு தொங்கியது. மேற்குப் பகுதி மாட்டுக்காரர்களின் நினைவுப் பொருள் என்று விளக்கம் சொன்னார். கறுப்பின மக்களை மரங்களில் தொங்கவிட்ட தென்மாநிலம் ஒன்றில், மரத்தில் தொங்கும் கயிறு வெறும் நினைவுப் பொருள்! ஆளுநராக இருந்தபோது அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பைப் போற்றி ஒரு மாதத்தையே அறிவித்தார். 1997ஆம் ஆண்டின் அறிவிப்பு அந்தப் போரை விடுதலைக்கான நான்காண்டுப் போராட்டம் என்றது. அடிமைமுறை என்ற சொல்லே அதில் இல்லை. இவற்றில் பல அவர் 2000இல் செனட்டுக்குப் போகும் முன்பே பொதுவில் இருந்தவை. அவற்றோடுதான் அவரை அனுப்பினார்கள். எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினால் அது கொள்கை, மைக்கில் சொன்னால் மட்டும் தவறல்.

சரி, கருத்துக்கணிப்புக்கு வருவோம். பயிற்சி வகுப்புக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

2006 கோடையின் தொடக்கத்தில் ஆலன் இரட்டை இலக்கப் புள்ளிகளில் முன்னால் இருந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் அது ஒற்றை இலக்கமாகச் சுருங்கியது. அக்டோபரிலும் நவம்பர் முதல் வாரத்திலும் ஒரு கணிப்பு ஆலன் 2 புள்ளி முன்னால் என்றால் இன்னொன்று வெப் முன்னால் என்றது. நாளுக்கொரு தலைப்புச் செய்தி. நீங்கள் சமூக அறிவியல் மாணவராக இருந்தால் இந்த இடத்தில் தலைப்பை விட்டுவிட்டு எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். 600 பேரிடம் கேட்டால் ஒருவருடைய ஆதரவு விழுக்காட்டில் மேலே 4, கீழே 4 என்று பிழை இருக்கும். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிழை ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. 2 புள்ளி முன்னிலை என்பது செய்தியே அல்ல. கணிப்பாளர்கள் வேறொன்றும் செய்வார்கள். கேட்டவர்களில் யார் உண்மையில் வாக்களிக்கப் போகக்கூடியவர் என்று அவர்களே சலிப்பார்கள். சென்ற முறை வாக்களித்தீர்களா, இந்தத் தேர்தலை எவ்வளவு கவனிக்கிறீர்கள் என்ற கேள்விகளை வைத்துச் சலிப்பது. சல்லடையில் கீழே விழுவது பெரும்பாலும் இளைஞர்கள், ஏழைகள், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். சல்லடையைச் சற்று மாற்றினால் முன்னிலையும் மாறும். யாருடைய மனமும் மாறியிருக்க வேண்டியதில்லை.

இதே வர்ஜீனியாவில் இன்னொரு கதை உண்டு. பயிற்சியாளர்கள் சொல்லாத கதை. 1989 ஆளுநர் தேர்தலில் டக்ளஸ் வைல்டர் நின்றார். கறுப்பினத்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கடைசிக் கணிப்புகளில் வசதியான முன்னிலை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பு ஒன்று 10 புள்ளி முன்னிலை என்றது. எண்ணி முடித்தபோது வென்றார், 7,000க்கும் குறைவான வாக்குகளில். ஏறக்குறைய 18 லட்சம் வாக்குகளில் அரை விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. கறுப்பினத்தவருக்கு வாக்களிப்போம் என்று கணிப்பாளரிடம் சொன்ன வெள்ளையர்களில் ஒரு பகுதியினர் திரைக்குப் பின்னால் வேறு ஆளுக்குக் குத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின ஆளுநரின் வெற்றிக்குப் பின்னால் இப்படி ஒரு பொய்யின் அளவும் பதிவாகியிருக்கிறது. அந்த நாட்டு அரசியல் ஆய்வாளர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்து வைல்டர் விளைவு என்கிறார்கள். பொய் சொன்னது வெள்ளையர், பெயர் மட்டும் கறுப்பருக்கு.

இதை 2006க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருத்துக்கணிப்பு மனத்தை அளப்பதைவிட, அந்நியர் ஒருவரிடம் எதைச் சொல்ல வெட்கமில்லை என்பதைத்தான் நன்றாக அளக்கிறது. காணொளி பரவிய வாரங்களில் ஆலனை ஆதரிக்கிறேன் என்று சொல்வது வர்ஜீனியாவின் படித்த நடுத்தர வீடுகளில் வெட்கமாகிப்போனது. அந்த வெட்கம் உண்மையானது, அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்கம் வேறு, மனமாற்றம் வேறு. வெட்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் கடைசியில் வீடு திரும்பினார்கள். நவம்பர் 7 இரவு நெடுநேரம் ஆலன்தான் முன்னிலையில் இருந்தார். வாஷிங்டனை ஒட்டிய வடபகுதி வாக்குகள் வரவர வெப் முந்தினார். வெள்ளையர் வாக்குகளில் பெரும்பான்மை அந்தச் சொல்லுக்குப் பிறகும் ஆலனுக்கே விழுந்திருந்தது. கறுப்பின மக்களின் வாக்குகள் பெருந்திரளாக வெப்புக்குப் போயின. நவம்பர் 9இல் ஆலன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 23.7 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 9,329.

ஒரு வார்த்தை வீழ்த்தியது என்கிறார்கள். 9,329 என்பது எதை வேண்டுமானாலும் காரணமாகக் காட்டக்கூடிய எண். மூன்றாவதாக நின்ற சுயேச்சைப் பசுமை வேட்பாளர் 26,000க்கும் மேல் வாங்கியிருந்தார், அவரும் காரணம்தான். ஈராக் போரில் மக்கள் சலித்திருந்தார்கள். வெப் வியட்நாம் போர்வீரர். ஈராக்கில் இருந்த மகனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அதுவும் காரணம். அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் மாநில அரசியல் சாசனத் திருத்தத்துக்கு 57 விழுக்காடு வர்ஜீனியர்கள் ஆம் என்றார்கள். ஆலனைத் தோற்கடித்த கைகளில் பல அந்த ஆம் பொத்தானையும் அழுத்தியவை. முற்போக்கு அலை என்று இதைக் கொண்டாடியவர்களுக்கு என் வாழ்த்துகள்.

வென்றவர் யார் என்பதும் கதையில் வருவதில்லை. ஜிம் வெப் ஜனநாயகக் கட்சிக்கு அண்மையில் வந்தவர். ரீகன் அரசில் கடற்படைச் செயலராக இருந்தவர். பெண்களால் போரிட முடியாது என்று 1979இல் கட்டுரை எழுதியவர். அதை ஆலன் தரப்பு தோண்டியெடுத்து விளம்பரமாக்கியது, அந்தப் பக்கத்திலும் வாய்களைத் தேடும் வேட்டை நடந்தது. நமக்கு அதைவிட முக்கியம் இடஒதுக்கீட்டுக்கு நிகரான அமெரிக்க ஏற்பாடுகள் பற்றி அவர் எழுதியது. 2000இல் அதை அரசே நடத்தும் இனவாதம் என்று எழுதினார். அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களுக்கு அது தேவை, மற்றச் சிறுபான்மையினருக்கெல்லாம் விரித்தது தவறு, ஏழை வெள்ளையர்கள் விடுபட்டுப்போனார்கள் என்று தேர்தல் நேரத்தில் மென்மைப்படுத்திக்கொண்டார். செனட்டரான பிறகு 2010இல் வெள்ளையரின் சலுகை என்பதே கட்டுக்கதை என்று மறுபடியும் எழுதினார். பொருளாதார அடிப்படை என்ற பாட்டை நாமும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள்தாம். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பி வழிவதைச் செனட்டில் உரக்கப் பேசியவர்களில் வெப் முக்கியமானவர். குற்றவியல் நீதிமுறையை முழுமையாக ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 2011இல் அது முட்டுக்கட்டையைத் தாண்ட முடியாமல் நின்றது. மனிதர்கள் இப்படித்தான் கலந்துகட்டி இருப்பார்கள். கதாநாயகன், வில்லன் என்று பிரித்துப் பார்க்கும் கதையில் இது அடங்காது.

சித்தார்த்தின் பக்கம் நின்றவர்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர் இங்கேயே பிறந்தவர், நல்ல பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது. நேற்று வந்திறங்கி, ஆங்கிலம் தெரியாமல், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவராக இருந்தால் அந்தச் சொல் பொருந்துமா? எங்கள் பிள்ளையைப் போய் அப்படிச் சொல்லலாமா என்ற கோபத்துக்குள், அப்படிச் சொல்லத்தக்க வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. நாம் இந்தக் குரலை ஊரில் கேட்டவர்கள். எங்களைப் போய் அவங்களோட சேர்த்துப் பேசறீங்களே என்ற குரல்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அதே 2006இல் அமெரிக்காவின் இன்னொரு மூலையில், கலிஃபோர்னியாவில், பள்ளிப் பாடநூல்களில் பண்டைய இந்தியா பற்றிய பாடங்களை மாற்றச் சொல்லிச் சில இந்து அமைப்புகள் போராடிக்கொண்டிருந்தன. கேட்ட மாற்றங்களில் சாதியையும் தீண்டாமையையும் மழுப்பும் மாற்றங்களும் இருந்தன. தங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பில் தலைகுனிவாக இருக்கிறது என்பது அவர்களின் வாதம். தலித் அமைப்புகளும் வரலாற்று அறிஞர்களும் எதிர்த்து எழுதினார்கள். மார்ச் மாதம் மாநிலக் கல்வி வாரியம் அந்தத் திருத்தங்களில் முக்கியமானவற்றை மறுத்தது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. வர்ஜீனியாவில் ஒரு செனட்டரின் வாயிலிருந்து வந்த இழிவை அமெரிக்க இந்தியச் சமூகம் ஒருமித்துக் கண்டித்தது சரி. அந்தச் சமூகத்தில் குரல் உயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் தங்கள் வரலாற்றின் இழிவைப் புத்தகத்திலிருந்தே அழிக்கப் பார்த்தார்கள். இழிவு வலிக்கும் என்று தெரிந்தவர்கள்தாம். எந்தப் பக்கம் நிற்கும்போது வலிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது கதையின் விடுபட்ட பாதி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1901-02இல் வர்ஜீனியாவில் புதிய அரசியல் சாசனம் எழுதக் கூடினார்கள். அங்கே கார்ட்டர் கிளாஸ் என்ற பிரதிநிதி, நாம் கூடியிருப்பதே பாகுபாடு காட்டத்தான், சட்டத்துக்கு உட்பட்டு நீக்கக்கூடிய ஒவ்வொரு கறுப்பின வாக்காளரையும் நீக்கத்தான் என்று வெளிப்படையாகப் பேசினார். யாரும் அதை வாய்தவறல் என்று சொல்லவில்லை. அவர் பின்னாளில் அமெரிக்காவின் நிதிச் செயலர் ஆனார், செனட்டர் ஆனார், 1946இல் சாகும்வரை செனட்டராகவே இருந்தார். அந்தச் சாசனம் 3 ஆண்டுகளுக்குத் தலா ஒன்றரை டாலர் வாக்குவரி கட்டச் சொன்னது. புரிதல் தேர்வு வைத்தது. கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள், ஏழை வெள்ளையர்களும் சேர்ந்து போனார்கள். வாக்குவரியை 1966இல்தான் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ஆனி ஹார்ப்பர், வீட்டுவேலை செய்து ஓய்வுபெற்ற கறுப்பினப் பெண். ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்துக்காரர். சித்தார்த்தின் மாவட்டமும் அதுதான். பயிற்சி வகுப்புகளில் ஆனி ஹார்ப்பரின் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரிடம் காணொளி இல்லை போலும்.

வரி போனது, தேர்வு போனது. ஒன்று மட்டும் போகவில்லை. கடுங்குற்றத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் வாக்குரிமை இழப்பார் என்ற விதி. 1902க்கும் முந்தைய விதி, 1902 அதைக் கூர்தீட்டிக்கொண்டது, 1971இன் புதிய சாசனத்திலும் தொடர்ந்தது. சிறைவாசம் முடிந்தாலும், அபராதம் கட்டினாலும், 30 ஆண்டு ஒழுங்காக வாழ்ந்தாலும் உரிமை திரும்பாது. ஆளுநர் தனித்தனியாகக் கையெழுத்திட்டால்தான் திரும்பும். 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படி வாக்கிழந்த வர்ஜீனியர்கள் 3 லட்சத்துக்கும் மேல். கறுப்பின மக்களில் வாக்களிக்கும் வயதினரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்.

9,329ஐ இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எந்தக் கருத்துக்கணிப்பும் இவர்களைக் கேட்கவில்லை. சல்லடைக்குள்கூட இவர்கள் வரவில்லை. கேமரா எடுத்த படத்திலும் இல்லை, மக்காக்கா பற்றிய விவாதத்திலும் இல்லை. இவர்களில் சிறுபகுதி வாக்குச்சாவடிக்கு வந்திருந்தால்கூட அது நெருக்கமான போட்டியாகவே இருந்திருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி நேர ஏற்ற இறக்கம் என்று நாம் பார்த்த நாடகம், 3 லட்சம் பேரை அரங்குக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தியது.

1994 முதல் 1998 வரை அந்தக் கையெழுத்துப் போடும் பேனா யாரிடம் இருந்தது? ஆளுநர் ஜார்ஜ் ஆலனிடம். 4 ஆண்டுகளில் அவர் சில நூறு பேருக்கு மட்டும் உரிமையைத் திருப்பித் தந்தார். அதே காலத்தில் தன் பெருஞ்சாதனையாக அவர் காட்டிக்கொண்டது பரோல் ஒழிப்பு. 1995 முதல் நாளிலிருந்து வர்ஜீனியாவில் புதிய குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. சிறைவாசம் நீண்டது, சிறைகள் பெருகின. உள்ளே போனவர்களில் கறுப்பினத்தவர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பலமடங்கு. இதற்காக ஆலன் மன்னிப்புக் கேட்டாரா? யார் கேட்கச் சொன்னார்கள்? இந்தச் சாதனையைச் சொல்லித்தான் 2000இல் வென்றார். ஒரு மாணவனைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு அவர் பதவியை இழந்தார். பல்லாயிரம் குடும்பங்களின் வாக்கையும் வருடங்களையும் தொட்ட கையெழுத்துகளுக்கு அவர் எதையும் இழக்கவில்லை.

நம் பிள்ளைகளிடம் நான் பேச விரும்புவது இதைத்தான். மேடையில் ஒரு தலைவர் சாதி சொல்லி இழிவாகப் பேசினால் வெட்டி, ஒட்டி, இரவோடு இரவாகப் பரப்பிவிடுகிறீர்கள். பரப்ப வேண்டியதுதான். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடவும் அந்தப் பதிவு வேண்டும். சித்தார்த்தின் பொறுமையும் துணிச்சலும் உங்களுக்கு வாய்க்கட்டும். ஆனால் அடுத்த வாரம் அவர் வருத்தம் தெரிவித்துவிட்டால் உங்கள் கோபமும் சேர்ந்து அணைந்துவிடுகிறதே, அது ஏன்? வருத்தம் தெரிவித்தவரின் துறையில் சிறப்பு உட்கூறு நிதி எங்கே போனது, உங்கள் ஒன்றியத்தில் பஞ்சமி நிலம் யார் பட்டாவில் இருக்கிறது, காலனித் தெருவில் எத்தனை பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கின என்பதைக் காட்டும் காணொளி கிடையாது. அது பதிவேட்டில் இருக்கிறது. தகவல் உரிமை மனுவில் இருக்கிறது. வேகாத வெயிலில் வீடுவீடாகப் போகும் வேலையில் இருக்கிறது. அதற்கு விருப்பக்குறி விழாது.

இது சலிப்பான வேலை என்பவர்களுக்கு வர்ஜீனியாவிலேயே பதில் உண்டு. அங்குள்ள சிவில் உரிமை அமைப்புகள் கையெழுத்துக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்தன, விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தந்தன, வழக்காடின. 2016இல் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே ஆணையில் உரிமையைத் திருப்பித் தந்தார். குடியரசுக் கட்சித் தலைவர்கள் நீதிமன்றம் போனார்கள். மொத்தமாகத் தர ஆளுநருக்கு அதிகாரமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று தீர்ப்பளித்தது. சரி, தனித்தனியாகப் போடுகிறேன் என்று உட்கார்ந்தார். பதவிக்காலம் முடிவதற்குள் 1,73,000 பேர். ஆலனின் சில நூறோடு ஒப்பிடுங்கள். அதே பேனாதான்.

அந்தப் பேனா மறுபடியும் கைமாறியது. 2022இல் ஆளுநரான க்ளென் யங்கின், தண்டனை முடிந்து வருகிறவர்களுக்கு ஏறக்குறைய தானாகவே உரிமை திரும்பிக்கொண்டிருந்த நடைமுறையை ஓசையில்லாமல் நிறுத்தினார். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்று மாற்றினார். அறிவிப்பு இல்லை, மேடை இல்லை, மஞ்சள் சட்டை போட்ட யாரும் படம்பிடிக்கவில்லை. 2023 மார்ச்சில் மாநில செனட்டர் ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தில்தான் அது வெளியே தெரிந்தது. மரியாதையான மொழியில் எழுதப்பட்ட கடிதம். கையெழுத்திட்டவர் கே கோல்ஸ் ஜேம்ஸ், கறுப்பினப் பெண். 1990களில் ஆளுநர் ஜார்ஜ் ஆலனின் அமைச்சரவையில் சுகாதாரத் துறையைக் கவனித்தவர்.